மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் போகிறீர்களா?

ஹட்டன், நுவரெலியா பக்கமிருந்து வேன் பேசி யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் முதலில் மாதத்தைப் பாருங்கள். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை குடாநாட்டில் மழை கொட்டும், காற்றடித்தால் தீவுப் படகுகளும் நின்றுவிடும். ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை அருமை, சந்தையில் பனங்கிழங்கும் கிடைக்கும். இல்லை, நல்லூர்த் திருவிழாதான் பார்க்க வேண்டும் என்றால் சரி, அது பெரும்பாலும் ஆகஸ்ட் பக்கம் வரும், 25 நாள். தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள், ஆண்கள் வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள், மேற்சட்டையோடு கோயிலுக்குள் விட மாட்டார்கள்.

கண்டியிலிருந்து ஏ9 வீதியைப் பிடித்தால் நேரே யாழ்ப்பாணம்தான், சுமார் 320 கிலோமீட்டர். இரவில் கிளம்புவது நல்லது. ஸ்வெட்டரை ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள், வவுனியா தாண்டினால் அது தலையணைக்குத்தான் உதவும்.

நயினாதீவுக்குக் குறிகட்டுவான் படகுத்துறையில் காலையிலேயே படகு ஏறிவிடுங்கள், வெயில் ஏறிய பின் வரிசையில் நின்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடும். நெடுந்தீவுக்கும் அதே துறைதான், ஆனால் ஒரு மணி நேரக் கடல், பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் தண்ணீர். அங்கே சுண்ணாம்புக்கல் நிலம், பல கிணறுகளில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது, நம்ம மலைத் தண்ணீர் விழும் பீலியில் குளித்துப் பழகிய தலைமுடி சிக்காகிவிடும், அதனால் தேங்காய் எண்ணெய் கொண்டு போங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் ஆழம் குறைவு, பிள்ளைகளோடு இறங்கலாம். ஈரத்துணி போட ஒரு உரப்பை போதும்.