ஒரேகான் எரிமலைப் பாதையில் குடும்பத்தோடு

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் யூஜீனிலிருந்து பெண்ட் ஊருக்குப் போகும்போது 242ஆம் சாலை, திரும்பும்போது 126. என் கணக்கு இதுதான். 242 குளிர்காலம் முழுக்கப் பனியால் மூடிக்கிடக்கும். ஜூலைக்கு முன் திட்டமே போடாதீர்கள். 35 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியும் இல்லை. வளைவுகள் அதிகம், அதனால் பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு முட்டக் கொடுக்க வேண்டாம்.

ப்ராக்ஸி அருவியில் கட்டாயம் இறங்குங்கள். மேல் அருவியின் அடியில் சின்னக் குட்டை ஒன்று. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது, வெளியேற வாய்க்காலே கிடையாது! எல்லாம் எரிமலைப் பாறை இடுக்குகளில் இறங்கிவிடுகிறது. "அப்பா, ஓட்டை எங்கே?" என்று என் மகள் சுற்றிச்சுற்றித் தேடினாள்.

அதே சாலையில் மெக்கென்சி கணவாயின் உச்சியில் 'டீ ரைட்' என்ற பார்வைக் கோபுரம். எரிமலைக் கல்லாலேயே கட்டியது. சாளரம் ஒவ்வொன்றும் ஒரு சிகரத்தைக் காட்டும். பக்கத்து நடைபாதை தளம் போட்டது, பாட்டிமார் தாராளமாக நடக்கலாம். பாதையை விட்டு இறங்கினால் கல் காலைக் கிழிக்கும்.

பெண்ட் அருகே லாவா ரிவர் குகை. கோடையிலும் உள்ளே 5, 6 டிகிரிதான். ஆளுக்கொரு டார்ச்சும் ஸ்வெட்டரும் வேண்டும். வேறு குகைக்குப் போட்டுப்போன ஷூவோடு விடமாட்டார்கள், வௌவால்களுக்கு நோய் பரவும் என்று. முன்பதிவு முக்கியம்.

திரும்பும் வழியில் கிளியர் ஏரி. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆற்றை மறித்ததால் உண்டானது. அப்போது மூழ்கிய மரங்கள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. துடுப்புப் படகில் போனால் தெரியும். அப்புறம் சஹாலி, கூசா அருவிகள். சாரல் நன்றாக அடிக்கும், மாற்றுத்துணியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.