நெடுநாள் நின்ற பழைய கார் ஸ்ராட் ஆகாவிட்டால்: ஸ்ராற்றரில் கை வைக்க முதல்

யாழ்ப்பாணத்தில் இன்னும் எத்தனையோ வளவுகளில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் கேம்பிரிட்ஜும் கொட்டிலுக்குள் நிற்கின்றன. வீட்டுக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். லீவில் வந்ததும் எங்கேயாவது ஒரு பற்றறியை இரவல் வாங்கிப் பூட்டி, "ஒருக்கா அடிச்சுப் பாப்பம்" என்பார்கள். கொட்டிலில் நின்ற பத்து வருசத்தில் வராத சேதம் அந்த ஒருக்காவில் வந்துவிடும். துருவில் ஒட்டிய பிஸ்ரன் றிங் முறியும், இறுகிய வால்வு இறங்கி மேலே வராமல் நிற்க, வால்வைத் தள்ளும் கம்பியான புஷ்றொட் வளையும், ராங்கியின் அடியில் கிடந்த துரு முழுக்கக் காபரேற்றருக்குள் போகும். ஆகவே ஸ்ராற்றரைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள அளவுகள் மொறிஸ் மைனர் 1000க்கு உரியவை. மற்ற ஆங்கிலக் கார்களுக்கும் ஒழுங்கு இதேதான், அளவுகளை மட்டும் அந்தந்தக் காரின் கைநூலில் பாருங்கள்.

பொனட்டைத் திறக்கும்போது

வெறுங்கையை உள்ளே விடாதீர்கள். கொட்டிலில் நின்ற கார் பாம்புக்கும் நல்ல இடம். ஒரு தடியால் தட்டி, ரோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். அணில் தும்பையும் பஞ்சையும் கொண்டுவந்து ஏர்கிளீனருக்குள் கூடு கட்டியிருக்கும். குளவி சைலன்சர் வாலிலும் ராங்கியின் காற்றுக் குழாயிலும் மண் வைத்து அடைத்திருக்கும். இரண்டையும் கம்பி விட்டுத் துப்புரவாக்குங்கள். எலி கடித்த வயர் இருந்தால், பற்றறி பூட்டுவதற்கு முன்னரே கண்டுபிடிக்க வேண்டும். பழைய துணி உறை வயர்களில் உறை உதிர்ந்து செம்பு தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றுங்கள். ரேப் சுற்றிச் சமாளிக்கிற இடம் இதுவல்ல.

ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு கூடியிருந்து பெற்றோலோ மண்ணெண்ணெயோ மணந்தால் எரிபொருள் இறங்கியிருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிவிட்டு அப்படியே நிறுத்திய கார்களில் இதைக் காணலாம். எப்படி இருந்தாலும் ஒயிலை வடித்து, ஃபில்ரரை மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் விடுங்கள். சுமார் 4 லீற்றர் பிடிக்கும்.

கையால் சுற்றுதல்

நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துவாரத்துக்குள்ளும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் அளவு, எஞ்சின் ஒயிலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றி, ஒரு இரவு விடுங்கள். ஒட்டோமற்றிக் கியர் ஒயில் கிடைத்தால் இன்னும் நல்லது.

மறுநாள் நியூட்ரலில் வைத்து, காரின் முன்னால் செருகி எஞ்சினைச் சுற்றும் ஹாண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் லேசாக வரவேண்டும். வராவிட்டால் குழாய் செருகி நெம்பாதீர்கள். திரும்பவும் ஒயில் கலவை ஊற்றி, ரொப் கியரில் போட்டு, காரைப் பின்னாலும் முன்னாலும் சில அங்குலம் ஆட்டிப் பாருங்கள். மூன்று நாலு நாள் இப்படிச் செய்தும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. கயிறு கட்டி இன்னொரு வாகனத்தால் இழுத்துக் கிளச்சை விடுவது, றிங்கை முறிப்பதற்கு நேர்வழி.

சுற்றியது என்றால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எஞ்சினின் மேல் மூடியான றொக்கர் கவரைக் கழற்றுங்கள், இரண்டு நட்தான். ஒருவர் ஹாண்டிலை மெதுவாகச் சுற்ற, மற்றவர் எட்டு வால்வையும் ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். றொக்கர் அமுக்கியதும் இறங்கி, விட்டதும் ஸ்பிரிங்கோடு மேலே வரவேண்டும். கீழேயே நின்றுவிட்ட வால்வின் தண்டில் மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியல் கைபிடியால் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் இளகும். இது பத்து நிமிட வேலை. இதைத் தவிர்த்தவர்கள்தான் பிறகு புஷ்றொட் தேடி அலைகிறார்கள்.

பற்றறி

வீட்டிலேயே கிடந்த பழைய பற்றறியில் ஆசை வைக்காதீர்கள். மாதக்கணக்காக இறங்கிக் கிடந்தால் தகட்டில் சல்பேற் படிந்துவிடும். சார்ஜ் ஏற்றி, கழற்றி, ஒரு இரவு வைத்துவிட்டு அளந்தால் 12.6 வோல்ற் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே விழுந்தால் வேறு பார்க்கலாம். சார்ஜ் மெதுவாக ஏறட்டும்: 45 ஆம்பியர்-மணி பற்றறிக்கு 4 ஆம்பியர் போதும். முனையில் பூத்த பச்சை வெள்ளைப் பூவை அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணியால் கழுவி, மினுங்கும் வரை தேய்த்துப் பூட்டிய பிறகு மேலே வசலின் பூசுங்கள். காரைநகர், பருத்தித்துறை போன்ற கரையோர ஊர்களில் பற்றறியிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டியையும் கழற்றி இரு நுனியையும் தேயுங்கள். உப்புக்காற்றில் அந்தப் பட்டி வெளியில் நன்றாகத் தெரியும், உள்ளே கரண்ட் கடத்தாது.

இனி முக்கியமான எச்சரிக்கை. இந்தக் கார்களில் பெரும்பாலானவை பொசிற்றிவ் எர்த். அதாவது பற்றறியின் கூட்டல் முனைதான் பொடியில் பூட்டப்படும். சில கார்களை இடையில் நெகற்றிவ்வுக்கு மாற்றியிருப்பார்கள், எனவே ஊகிக்காமல் எர்த் பட்டி எந்த முனைக்கு வருகிறது என்று பாருங்கள். இன்றைய காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்ராட் பண்ணுவதானால் கூட்டலுக்குக் கூட்டல், கழித்தலுக்குக் கழித்தல் என்பது மாறாது. ஆனால் ஒரு காரின் பொடி கூட்டல், மற்றதின் பொடி கழித்தல். கேபிள் பூட்டிய நிலையில் இரண்டு பம்பரும் முட்டினால் நேரடி ஷோர்ட். நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு நிறுத்துங்கள்.

ஸ்ராற்றர் பட்டனை அமுக்க 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றால் ஸ்ராற்றரின் சிறு பற்சக்கரமான பினியன் ஃபிளைவீல் பல்லில் இறுகியிருக்கலாம். ஸ்ராற்றர் மோட்டரின் பின் நுனியில் சதுரத் தண்டு இருக்கும், சிலவற்றில் அதற்கு ஒரு சிறு மூடி. அதில் ஸ்பனர் போட்டுத் திருப்பினால் விடும். விட்டதும் பினியன் தண்டை மண்ணெண்ணெயால் கழுவுங்கள், ஒயில் விடாதீர்கள். ஒயிலில் தூசி பிடித்துத் திரும்பவும் இறுகும்.

பிளக் போடாமலே ஸ்ராற்றரைப் பத்துப் பத்து விநாடியாக இடைவெளி விட்டு அடியுங்கள். ஒயில் லைற் அணைய வேண்டும், அல்லது மீற்றர் முள் எழும்ப வேண்டும். பெயரிங்குகளுக்கு ஒயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் எஞ்சினை எரிய விடலாம்.

ஸ்பார்க்

"கார் செத்துப் போச்சு" என்று கைவிடப்படுகிறவற்றில் கனக்க, டிஸ்ரிபியூற்றருக்குள் திறந்து மூடிக் கரண்டை வெட்டும் பொயின்றில் படிந்த ஒரு மெல்லிய கறையால் நிற்பவைதான். எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரம் இரண்டு தடவை கண்டாலே அந்தக் கறை வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, கரண்டை முழுதாக மறிக்கும்.

12 வோல்ற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பூட்டி ரெஸ்ற் லைற் செய்துகொள்ளுங்கள். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் சிறு வயர் பூட்டிய முனையில் ஒரு வயரையும் பொடியில் மற்றதையும் வையுங்கள். இக்னிஷனைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பொயின்ற் மூடியிருக்கும்போது பல்ப் அணைந்தும், திறக்கும்போது எரிந்தும் வரவேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பொயின்ற் தொட்டும் கரண்ட் போகவில்லை: கறை, அல்லது டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சிறு வயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது. ஒருபோதும் எரியாவிட்டால் கொயிலுக்குக் கரண்ட் வரவில்லை, அல்லது பொயின்றின் நைலோன் வாஷர் பிழையாகப் போடப்பட்டு வயர் பொடியில் தொடுகிறது, அல்லது கொண்டென்சர் ஷோர்ட். இந்த ஒரு பல்ப் பாதி மெக்கானிக்குக்குச் சமம்.

பொயின்றை 400 நம்பர் எமரித் தாளை மடித்து இரண்டு இழுவை இழுத்து, பிறகு பெற்றோல் நனைத்த வெள்ளைக் கடதாசியை இடையில் வைத்து இழுத்துத் துடையுங்கள். எமரித் தூள் ஒரு துகள் நின்றாலும் மறுபடி மறிக்கும். இடைவெளி 0.015 அங்குலம், 0.38 மில்லிமீற்றர். காமின் உச்சியில் பொயின்ற் முழுதாகத் திறந்து நிற்கும் இடத்தில்தான் ஃபீலர் கேஜ் எனும் அளவுத் தகட்டைப் போட வேண்டும். கறுத்துக் குழி விழுந்திருந்தால் தேய்க்காமல் மாற்றுங்கள், கூடவே கொண்டென்சரையும். லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூற்றர் என்றால் அதே சாமான் பல ஆங்கிலக் கார்களுக்குப் பொது. இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம்.

டிஸ்ரிபியூற்றர் மூடியான கப்பின் உட்புறத்தில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் அந்த வழியாக ஸ்பார்க் ஒழுகுகிறது. கப்பை மாற்றுவதுதான் மருந்து. பிளக் வயர்கள் 1-3-4-2 ஒழுங்கில், றோட்டர் சுற்றும் திசையான இடஞ்சுழியாகப் போகவேண்டும். கொயிலிலிருந்து வரும் நடு வயரைக் கப்பிலிருந்து இழுத்து, காய்ந்த மரக்கவ்வியால் பிடித்து, எஞ்சின் புளொக்குக்கு 6 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்து ஸ்ராற்றரை அடித்தால் நீல நிறத்தில் 'சட் சட்' என்று பாயவேண்டும். பக்கத்தில் பெற்றோல் மணம் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். என்.ஜி.கே. பிபி6ஈஎஸ் பொருந்தும். பொயின்ற் மூடிய நிலையில் இக்னிஷனை ஐந்து பத்து நிமிடம் போட்டுவைத்தால் கொயில் சூடாகிப் பழுதாகும். சோதனை இடையில் தேத்தண்ணிக்குப் போகிறவர்கள் திறப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

பெற்றோல்

ராங்கியில் கிடப்பதைப் பாவிக்காதீர்கள். பழைய பெற்றோல் வார்னிஷ் மாதிரிப் புளித்து மணக்கும், பற்றாது, காபரேற்றரில் பிசினாகப் படியும். வெட்டவெளியில், இரும்புக் கானில் வடியுங்கள். நுளம்புக்கு மூட்டிய புகைச்சட்டி பக்கத்தில் இருக்கக்கூடாது. ராங்கியைக் கழற்றி, சங்கிலித் துண்டும் மண்ணெண்ணெயும் போட்டுக் குலுக்கிக் கழுவலாம். ஓட்டை இருந்தால், வெறும் ராங்கிதானே என்று வெல்டிங் கடைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

ஸ்ராட் பார்ப்பதற்கு ராங்கியே வேண்டாம். பெற்றோல் பம்புக்குள் வரும் ராங்கிக் குழாயைக் கழற்றி, புதுக் குழாய் ஒன்றைப் பூட்டி, ஒரு லீற்றர் புதுப் பெற்றோல் உள்ள கானுக்குள் விடுங்கள். கான் எஞ்சினுக்குத் தள்ளி, தரையில் இருக்கட்டும்.

மைனரின் எஸ்.யூ. மின் பம்ப் இக்னிஷன் போட்டதும் 'டிக் டிக்' என்று வேகமாகத் தொடங்கி, காபரேற்றர் நிரம்பியதும் நிற்கவேண்டும். சத்தமே இல்லாவிட்டால் ஸ்குறூட்றைவர் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். அதற்குள்ளும் பொயின்ற் இருக்கிறது, அதிலும் அதே கறை. தட்டி வேலை செய்தால் கறுப்பு மூடியைக் கழற்றித் துடைத்துவிடுங்கள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றர் ஊசி வால்வு மூடாமல் பெற்றோல் வழிகிறது. வழிவதைக் கண்டால் உடனே திறப்பை மூடுங்கள். ஏ40இல் இருப்பது எஞ்சினால் ஓடும் ஏ.சி. பம்ப். அதன் தோல்போன்ற டயஃபிரம் காய்ந்து வெடித்திருக்கும், கிற் வாங்கி மாற்றவேண்டும்.

எஸ்.யூ. காபரேற்றரில் ஃப்ளோட் மூடியைத் திறந்து பிசினைத் தின்னரால் கழுவுங்கள். மேலே உள்ள டாம்பர் மூடியைக் கழற்றிவிட்டு பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால், தடையில்லாமல் இறங்கிக் கீழே 'டிக்' என்று தட்டவேண்டும். ஒட்டினால் உள்ளே சுவரைத் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள், எமரி போடாதீர்கள். பிறகு டாம்பருக்குள் மெல்லிய ஒயில் விட்டு மூடுங்கள்.

எரிய விடும்போது

ரேடியேற்றருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணி வேண்டாம். சுண்ணாம்புக் கல்லிலிருந்து வருகிற தண்ணி, உப்பு படியவிடும். பிடித்துவைத்த மழைத்தண்ணி அல்லது பற்றறித் தண்ணி விடுங்கள்.

கொட்டிலுக்கு வெளியே தள்ளி, பிளக் பூட்டி, சோக்கை முழுதாக இழுத்து அடியுங்கள். பத்து விநாடிக்கு மேல் ஒரேயடியாக வேண்டாம். பிளக் நனைந்து பெற்றோல் மணத்தால், சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரை அடிமட்டம் மிதித்தபடி அடித்தால் துவட்டும். பற்றிய உடனே நீல வெள்ளைப் புகை கிளம்பும், சிலிண்டருக்குள் ஊற்றிய ஒயில்தான். கண்ணை ஒயில் லைற்றில் வையுங்கள். சில விநாடிக்குள் அணையாவிட்டால் நிறுத்துங்கள்.

ஓடத் தொடங்கியும் இக்னிஷன் லைற் அணையாமல் இருந்தால், டைனமோவின் மிச்சக் காந்தம் போயிருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, டைனமோவின் இரண்டு வயரையும் கழற்றி, பற்றறியின் பொடியில் பூட்டாத முனையிலிருந்து ஒரு வயர் கொண்டுவந்து, 'எஃப்' என்ற சிறு முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுங்கள். பற்றறி எர்த் மாற்றிப் பூட்டிய காருக்கும் இதைச் செய்தே ஆகவேண்டும்.

றோட்டுக்கு எடுக்கும் முன் நாலு சக்கரத்தையும் ஜாக்கில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். வீல் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும், றபர் கழுவி மாற்றினாலும் குழி விழுந்த சிலிண்டர் திரும்ப ஒழுகும். பிறேக் பிடிக்கிறது என்று உறுதியானபின்தான், ஒட்டிய கிளச் தட்டைப் பிரிக்கலாம்: எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, முன்னால் யாரும் இல்லாத வெறும் காணியில், இரண்டாம் கியரில் கிளச்சை மிதித்துக்கொண்டு ஸ்ராற்றரை அடித்து, கார் நகர்ந்ததும் பிறேக்கைப் பிடியுங்கள். முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் ஒயிலைச் சூட்டோடு வடித்து, ஃபில்ரரை இன்னொருமுறை மாற்றுங்கள்.