போர்ட்டபிள் ஏசி வாங்கும் முன் ஜன்னலை அளந்து பாருங்கள்

கத்திரி வெயில் நெருங்கினாலே சென்னையில் வாடகை வீட்டுக்காரர்கள் பலருக்கும் போர்ட்டபிள் ஏசி மேல் கண் போகும். சுவரில் துளை போட ஓனர் விடமாட்டார். வீடு மாறும்போது கையோடு கொண்டுபோகலாம். நியாயமான காரணங்கள்தான். ஆனால் கடையில் டன்னையும் விலையையும் மட்டும் விசாரித்து வாங்கி வந்துவிடுகிறார்கள். பின்பக்கக் குழாயை எங்கே விடுவது என்ற யோசனை, பெட்டியைப் பிரித்த பிறகுதான் வருகிறது.

அந்தக் குழாயில்தான் எல்லாமே இருக்கிறது. ஏசி செய்வது, அறையிலுள்ள சூட்டை எடுத்து வெளியே தள்ளுவது. ஸ்பிலிட்டில் சூட்டை வெளியே விட பால்கனியிலோ மாடியிலோ அவுட்டோர் யூனிட் இருக்கிறது. போர்ட்டபிளில் கம்ப்ரஸர் உட்பட எல்லாம் ஒரே பெட்டிக்குள், அறைக்குள்ளேயே. சூடு வெளியே போக ஐந்தாறு அங்குல அகலத்தில் ஒரு குழாய் மட்டும்தான். அதை அறைக்குள்ளேயே விட்டு ஓட்டினால் முன்னால் வரும் குளிரைவிடப் பின்னால் வரும் சூடு அதிகம். அறை இன்னும் வேகும்.

குழாயே தேவையில்லாத போர்ட்டபிள் ஏசி என்று ஏதாவது குறைந்த விலைக்கு வந்தால், அது தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர். வறண்ட வெயிலில் அது ஓரளவு உதவும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோரப் புழுக்கத்தில் பிசுபிசுப்பைத்தான் கூட்டும்.

சரி, ஜன்னலுக்கு வருவோம். ஏசியோடு பொதுவாக வரும் பிளாஸ்டிக் பட்டை, தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு ஏற்றது. நம் வீடுகளில் பெரும்பாலும் வெளிப்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே இரும்புக் கம்பி. கம்பி இடைவெளியில் குழாய் நுழையாது. குழாயை ஜன்னல் பக்கம் சும்மா சாய்த்து வைத்தால், வெளியேறிய சூடு அதே வழியாகத் திரும்பி வரும். கம்பிக்கு உட்புறமாக ஜன்னல் அளவுக்கு பிளைவுட்டோ அக்ரிலிக் ஷீட்டோ பொருத்தி, குழாய் வாய்க்கு வட்டமாக வெட்டி, ஓரங்களில் ஃபோம் டேப் ஒட்டுவதுதான் சரியான வழி. வெளிக்கதவு திறந்தே இருக்க வேண்டும். கார்பெண்டருக்கு இது சின்ன வேலை. குழாய் எட்டவில்லை என்று இன்னொன்றை வாங்கி நீட்டாதீர்கள். குழாயே சூடாகி ஹீட்டர் மாதிரி அறைக்குள் சூட்டை விடும். நீளமும் வளைவும் கூடக் கூட மெஷின் திணறும்.

கடையில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒற்றைக் குழாய் மாடல், சூட்டை வெளியே விடும் பாகமான கண்டென்சரைக் குளிர வைக்க அறைக் காற்றையே எடுத்து வெளியே ஊதுகிறது. நிமிடத்துக்கு ஐந்து கன மீட்டர் ஊதுகிறது என்று வையுங்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் மொத்தக் காற்றே 28 கன மீட்டர்தான். ஆறு நிமிடத்துக்குள் ஓர் அறைக் காற்று வெளியே போய்விடும். அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு, பாத்ரூம், சமையலறை என்று கிடைத்த வழியில் எல்லாம் சூடான காற்று உள்ளே வரும். ஏசி போட்டதும் பாத்ரூம் நாற்றம் அடிக்கிறது என்றால் காரணம் இதுதான். ஒட்டிய பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் அதையும் ஏசியையும் சேர்த்து ஓட்டவே கூடாது. புகை உள்ளே இழுக்கப்படலாம், உயிருக்கே ஆபத்து. இரட்டைக் குழாய் மாடல் வெளிக்காற்றை எடுத்து வெளியிலேயே விடுவதால் இந்தத் தொல்லை குறைவு. கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

டன் கணக்கில் பலர் ஏமாறுவதும் இதனால்தான். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பி.டி.யு (சூட்டை அளக்கும் அலகு) சூட்டை வெளியேற்றும் திறன். ஆனால் ஒரு டன் போர்ட்டபிள், ஒரு டன் ஸ்பிலிட் அளவுக்குக் குளிர வைக்காது. அமெரிக்காவில் இந்த இழப்பையும் கழித்துச் சொல்லும் எஸ்.ஏ.சி.சி. என்ற அளவு இருக்கிறது. பழைய கணக்கில் 14,000 பி.டி.யு என்று விற்கும் பல மெஷின்கள் அதில் பத்தாயிரத்தைக்கூடத் தொடுவதில்லை. நாள் முழுக்க வெயில் வாங்கும் மேல்மாடி அறைக்கு இதை நம்பி இறங்க வேண்டாம். ஓனர் கொஞ்சம் இறங்கி வந்து, ஜன்னலும் தாங்கும் என்றால் விண்டோ ஏசி நிச்சயம் மேல். போர்ட்டபிளை வாங்கி வருத்தப்படுவதற்கு முன், அதற்காக ஒருமுறை அவரிடம் பேசிப் பார்ப்பது நல்லது.

கம்ப்ரஸர் தலைமாட்டில் ஓடும் என்பதால் சத்தத்தைக் கடையிலேயே ஓட்டிக் கேளுங்கள், தூக்கம் லேசானவர்கள் முக்கியமாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

அப்புறம் தண்ணீர். காற்றின் ஈரத்தைத் தானே ஆவியாக்கிக் குழாய் வழியே விட்டுவிடும் என்பார்கள். புழுக்கமான இரவில் அது போதாமல் டேங்க் நிரம்பி, நடுராத்திரியில் மெஷின் நின்றுவிடும். கீழே வடிகால் வாய் இருக்கிறதா, அதில் சின்ன ஹோஸ் மாட்டித் தண்ணீரை வெளியேற்ற இடம் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள்.

வீடு மாறும்போது 30 கிலோ வாக்கில் தூக்க வேண்டும், அதுவும் நிமிர்த்தியே. படுக்க வைத்துக் கொண்டுபோயிருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு ஆன் செய்யுங்கள்.