ஏ-2 தோல் ஜாக்கெட்: லேபிளை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானிகள் போட்டிருந்த பழுப்புத் தோல் ஜாக்கெட்டுக்குப் பெயர் ஏ-2. போர்க்காலத்துப் பழையதை வாங்கினாலும் சரி, அதைப் பார்த்து இன்று தைக்கும் புதியதை வாங்கினாலும் சரி, இரண்டு கேள்விகள் வரும். யார் தைத்தது? எனக்குப் பொருந்துமா? காலருக்குள் இருக்கும் லேபிளைப் பார்த்து இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். கம்பெனி பெயர் இருக்கிறது, 40 என்று சைஸும் இருக்கிறது, அப்புறம் என்ன? இந்த ஜாக்கெட்டில் பணத்தைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பறிகொடுக்கிறார்கள். இரண்டு கேள்விக்குமான பதில் தோலை வெட்டிய விதத்தில் இருக்கிறது.

1931இல் ராணுவம் ஏ-2வை ஏற்றுக்கொண்டபோது எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரைபடம் இருந்தது. முதுகு ஒரே துண்டுத் தோல், முன்பக்கம் ஜிப், காலர் நுனியில் பிரஸ் பட்டன், இரண்டு தோள்பட்டி, மூடியுள்ள இரண்டு பாக்கெட், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல் பட்டி. தைத்தவர்கள் பலர். பென்சில்வேனியாவில் மிடில்டவுன் ஊரின் ரஃப் வேர், நியூயார்க் மாநிலத்தில் பீக்கன் ஊரின் ஏரோ, நியூபர்க்கின் பெர்ரி, சிகாகோவின் டூபோ, மில்வாக்கியின் மோனார்க், பாஸ்டனின் கேபிள் ரெயின்கோட் என்று வரிசை நீளும். வரைபடம் ஒன்றுதான் என்றாலும், ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வெட்டு மாதிரியை வைத்துத்தான் தோலை வெட்டியது. காலர் நுனி ஒன்றில் நீண்டு கூர்மையாக இருக்கும், இன்னொன்றில் குட்டையாக இருக்கும். தோளின் அகலமும் கையின் சுற்றளவும் அப்படியே மாறும். அதனால் வெட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு மேக்கரும் தெரிந்துவிடும், அது எந்த உடம்புக்கு ஆகும் என்பதும் தெரிந்துவிடும்.

லேபிளைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. சரியாகப் படிக்க வேண்டும். பழைய ஏ-2 லேபிளில் 30-1415 என்று ஓர் எண் இருக்கும். அதை ஒப்பந்த எண் என்று நினைத்துத் தேடுகிறவர்கள் உண்டு, '30' என்பதை 1930 என்று படிக்கிறவர்களும் உண்டு. அது எல்லா ஏ-2வுக்கும் பொதுவான வரைபட எண். அதை வைத்து யார் தைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்கு உதவுவது ஒப்பந்த எண். டபிள்யூ535-ஏசி-27752 என்றால் ரஃப் வேர், டபிள்யூ535-ஏசி-27798 என்றால் டூபோ. 42-1401-பி போன்ற எண்ணில் முன்னால் நிற்கும் 42, 1942 நிதியாண்டைக் குறிக்கிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. லேபிளின் கடைசி வரியில் 'விமானப்படை' என்ற சொல் வருவதைப் பார்த்து, அமெரிக்க விமானப்படை தனிப்படையானது 1947இல்தானே, அப்படியானால் இது போருக்குப் பிந்தையது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த வரியை முழுதாகப் படித்தால் அமெரிக்க ராணுவத்தின் விமானப்படை என்றுதான் இருக்கும். கம்பெனி பெயரே இல்லாத போர்க்கால லேபிளும் ஒன்று உண்டு, எண் 42-18246-பி. பெயர் இல்லை என்பதற்காக அதைப் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

உண்மையான லேபிள் வேறு ஜாக்கெட்டில் ஏறியிருப்பதுதான் பெரிய ஆபத்து. ஒரு பழம்பொருள் சந்தையில் இப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லேபிள் பழையது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலரை மடக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, லேபிளைச் சுற்றி விரல் நகம் அகலத்துக்கு லைனிங் துணி மட்டும் நிறம் வெளுக்காமல் கருமையாக இருந்தது. அந்தக் கருமையின் ஓரத்தில் வரிசையாக ஊசித் துளைகள், நூல் இல்லை. இதைவிடப் பெரிய லேபிள் ஒன்று பல வருடம் அங்கே இருந்திருக்கிறது. புது லேபிளின் நூலோ பளிச்சென்று இருந்தது. விற்றவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கே அது அப்படி வந்திருக்கலாம். அன்றிலிருந்து யார் படம் அனுப்பினாலும் லேபிளின் நான்கு ஓரமும் தெரியும்படி இன்னொரு படம் கேட்கிறேன்.

லேபிளே இல்லாவிட்டால் என்ன செய்வது? காலரிலிருந்து தொடங்குங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே தனிப் பட்டி, அதாவது காலர் ஸ்டாண்ட், வைத்துத் தைத்திருக்கிறதா? சில மேக்கர்கள் வைத்தார்கள், சிலர் காலரை நேராகக் கழுத்தில் இணைத்தார்கள். தோள்பட்டி முடியும் இடத்தில் தையல் கட்டமாக மட்டும் இருக்கிறதா, கட்டத்துக்குள் பெருக்கல் குறியும் ஓடுகிறதா? பாக்கெட் மூடியின் ஓரம் நேராக இறங்குகிறதா, வளைந்து நுனியில் கூராக முடிகிறதா? பாக்கெட் ஜிப்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொல்லக் கூடாது. நான்கைந்து அடையாளம் ஒரே மேக்கரைக் காட்டினால்தான் பெயர் சொல்லலாம்.

ஜிப்பை வைத்துக் காலத்தைக் கணிப்பது பலருக்கும் பழக்கம். டாலன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ஜிப் இருந்தால் அசல் என்று ஒரு நம்பிக்கை. இந்த ஜாக்கெட்டில் முதலில் கெட்டுப்போவது ஜிப்பும் பின்னல் பட்டியும்தான், இரண்டையும் மாற்றியிருப்பது சகஜம். ஜிப் ஓரத்தில் இரட்டை ஊசித் துளை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த ஜிப்பைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே பெயர் இரண்டு இடத்தில் வருவதும் ஆளைக் குழப்பும். பீக்கன் ஊரின் ஏரோ வேறு, இன்று ஸ்காட்லாந்தில் தைக்கும் ஏரோ வேறு. கூப்பர் என்ற பெயர் போர்க்காலத்திலும் உண்டு, 1988இல் அமெரிக்க விமானப்படை ஏ-2வை மறுபடி கொண்டுவந்தபோதும் உண்டு. பின்னது ஆட்டுத்தோல், வெட்டும் தாராளம். இங்கிலாந்தின் ஈஸ்ட்மேன், ஜப்பானின் பஸ் ரிக்சன்ஸ் போன்றவர்கள் போர்க்கால லேபிளை எழுத்துக்கு எழுத்து அப்படியே நெய்து வைக்கிறார்கள். நேர்மையான வேலைதான், ஆனால் இரண்டு கை மாறிய பிறகு அது 1942இன் ஜாக்கெட்டாக விலை பேசப்படும். கழுத்தில் ரோமக் காலரும் முதுகின் இரு பக்கமும் மடிப்பும் இருந்தால் அது ஏ-2வே அல்ல, கடற்படையின் ஜி-1 வகை.

பட்டாளச் சின்னத்தை நம்பியும் விலை கொடுக்காதீர்கள். சீனா, பர்மா, இந்தியப் போர்முனையில் இருந்தவர்கள் இந்தியக் கடைத்தெருக்களில் தோலில் சின்னம் தைத்து வாங்கிக்கொண்டார்கள். அழகான கைவேலை அது. ஆனால் சின்னத்தை எந்த ஜாக்கெட்டிலும் எப்போது வேண்டுமானாலும் தைக்கலாம்.

சரி, பொருத்தத்துக்கு வருவோம். லேபிளில் இருக்கும் 40 உங்கள் மார்பளவு, ஜாக்கெட்டின் அளவு அல்ல. ஒரே 40 ஒரு மேக்கரிடம் தோளில் பிடிக்கும், இன்னொருவரிடம் தொளதொளவென்று இருக்கும். எண்பது வருடம் காய்ந்த தோல் சுருங்கியும் இருக்கும். இஞ்ச் டேப்தான் வழி. ஜிப்பைப் போட்டு, ஜாக்கெட்டை மேசையில் விரித்து, உள்ளே இருக்கும் காற்றைக் கையால் அமுக்கி வெளியேற்றி, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். மார்பு 40 இஞ்ச் என்றால் ஜாக்கெட் 44 இஞ்ச் வந்தால் சட்டைக்கு மேல் சரியாக உட்காரும்.

நீளம் குறைவாக இருக்கிறது என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குவது நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்தக் காலத்துப் பேண்ட் தொப்புள் உயரத்தில் நிற்கும், ஜாக்கெட்டும் அங்கேயே முடியும். இன்றைய ஜீன்ஸோடு போட்டால் நடுவில் சட்டை தெரியத்தான் செய்யும். சைஸைக் கூட்டினால் நீளம் கொஞ்சம்தான் கூடும், தோள் தையலோ கையில் இறங்கிவிடும். பேண்டை மாற்றுங்கள், அல்லது நீளத்தைக் கூட்டித் தைத்துத் தருபவரிடம் வாங்குங்கள். போடப் போட லூஸாகிவிடும் என்ற கடைக்காரர் பேச்சும் தோள் விஷயத்தில் எடுபடாது. குதிரைத் தோல் முழங்கையில் மடிந்து உங்கள் உடம்புக்குப் பழகுமே தவிர, தோளில் அகலமாகாது. அப்படி மடிவதால் கையின் நீளம் அரை இஞ்சாவது குறையும். அதனால் புதிதில் பட்டி மணிக்கட்டு எலும்பைச் சற்றுத் தாண்டி நின்றால் நல்லது.

கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நின்று பார்ப்பது போதாது. கையைத் தூக்கினால் ஏ-2 மேலே ஏறும், முதுகில் மடிப்பு இல்லாத ஜாக்கெட் அப்படித்தான். அதைக் குறையாக எடுக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்டியரிங் பிடிப்பதுபோல் இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகு இழுக்காமல், ஜிப் தாடையில் இடிக்காமல், இடுப்புப் பட்டி வயிற்றில் சுருளாமல் ஐந்து நிமிடம் இருக்க முடிந்தால் அந்த சைஸை எடுத்துக்கொள்ளலாம்.