சின்ன ரிவோல்வர் வாங்குவதற்கு முன்: அமெரிக்காவில் குடியேறிய நம் பிள்ளைகளுக்கு

க்ரீன் கார்ட் லொத்தர் விழுந்து டெக்சஸுக்குப் போன எங்கள் சித்தியின் மகள், போன மாதம் ஹட்டனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அக்கா, ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வேலை முடியுது. கார் நிறுத்துற இடம் ஒரே இருட்டு. கூட வேலை செய்யிறவங்க பையில சின்ன ரிவோல்வர் வச்சிருக்காங்க. நான் எதை வாங்கணும்?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஹூஸ்டனில் அண்ணன் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். அப்போதுதான் அண்ணி ஒரு ரிவோல்வர் வாங்கினார், அதை மாற்றி இன்னொன்றும் வாங்கினார். கடைக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் நான் கூடவே போனேன். விசிட் விசாவில் போனதால் எதையும் கையில் எடுக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தேன். தங்கச்சிக்குச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன்.

படி 1: உங்களுக்கு உரிமை இருக்கிறதா?

மாணவர் விசா, வேலை விசா, விசிட் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை லைசன்ஸ் உள்ளவர்களுக்கு என்று சில விதிவிலக்குகள் உண்டு. க்ரீன் கார்ட் இருந்தால் வாங்கலாம். லைசன்ஸ் உள்ள கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிய பிறகு, உங்கள் பின்னணியைச் சரிபார்த்துத்தான் தருவார்கள்.

மறைத்து எடுத்துச் செல்வது வேறு விஷயம், அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதி உள்ளவர் அனுமதிப் பத்திரம் இல்லாமலும் எடுத்துச் செல்லலாம். ஆனாலும் பள்ளிக்கூடம், நீதிமன்றம் போன்ற இடங்களுக்குள் கொண்டு போக முடியாது. வேலை செய்யும் இடமும் தடுக்கலாம், அதை முதலில் கேளுங்கள். அனுமதிப் பத்திரம் கட்டாயமில்லை என்றாலும் அதைப் பெறுவதற்கான வகுப்புக்குப் போங்கள் என்றுதான் நான் சொல்வேன். எப்போது சுடக்கூடாது என்பதை அங்கே உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார்கள்.

இங்கே நம் மலையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் சுடுகலன் சட்டப்படி, லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். இரவு வேலை முடிந்து லயத்துக்கு நடந்து வரும் பிள்ளைக்கு இங்கே நல்ல டோர்ச்சும் துணைக்கு ஒரு ஆளும்தான் வழி.

படி 2: எடையைப் பாருங்கள், விற்பவர் பேச்சைப் பார்க்காதீர்கள்

அண்ணி தவறியது இந்த இடத்தில்தான். முதலில் போன கடையில், "பொம்பளைகளுக்கு இதுதான் சரி, கையில் இருப்பதே தெரியாது" என்று மிக இலேசான ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். நம் கடைகளில் விற்கும் 400 கிராம் தேயிலைப் பக்கெட்டை விடவும் எடை குறைவு. பையில் போட்டால் உண்மையிலேயே தெரியவில்லை. பயிற்சிக்கூடத்தில் ஐந்து தோட்டா சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் சிவந்து வீங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது அண்ணி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

காரணம் எளிது. தோட்டா முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே தள்ளும். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்தத் தள்ளலில் பெரும்பகுதியை அதுவே வாங்கிக்கொள்ளும், இலேசாக இருந்தால் கைதான் வாங்க வேண்டும். அலுமினிய உடல் கொண்ட, ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனியின் 642 ஏறக்குறைய 400 கிராம். ரூகர் கம்பெனியின் எல்சிஆர் .38 அதைவிடக் கொஞ்சம் குறைவு. முழுக்க எஃகில் செய்த ரூகர் எஸ்பி101 700 கிராமைத் தாண்டும். இவை மூன்றிலும் ஐந்து தோட்டாதான்.

புதிதாகப் பழகுபவருக்கு எஃகு என்பது என் முடிவு. கூடுதலாக 300 கிராமைச் சுமப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. நம் அம்மாமார் முதுகில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர்கள். ஆனால் கை வலிக்கும் என்று பயந்து பயிற்சிக்கே போகாவிட்டால், பையில் இருக்கும் அந்தப் பொருளால் உங்களுக்கே ஆபத்து.

தோட்டா விஷயமும் இதோடு சேர்ந்தது. .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போதும். அதைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் போட்டுச் சுடலாம், அதனால் .357 வாங்கி .38 பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் மிக இலேசான துப்பாக்கியில் .357 வேண்டவே வேண்டாம். உதைக்கிற வேகத்தில், இன்னும் சுடாத தோட்டாவின் ஈயத் தலை கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து, சிலிண்டர் (தோட்டாக்களைப் போடும் சுழலும் உருளை) சுற்றாமல் சிக்கிக்கொள்வதும் உண்டு. பழகுவதற்கு 'வாட்கட்டர்' என்று கேளுங்கள். தட்டையான முனையுள்ள மெதுவான தோட்டா, கைக்கு இதமாக இருக்கும்.

படி 3: ட்ரிகரை இழுத்துப் பாருங்கள்

கடையில் ரிவோல்வரைக் கையில் தந்ததும் முதலில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு துளையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். விற்பவர் பார்த்திருந்தாலும் நீங்களும் பாருங்கள். திறக்கும் பொத்தானை ஸ்மித் அண்ட் வெசனில் முன்னே தள்ள வேண்டும், ரூகரில் உள்ளே அழுத்த வேண்டும், கோல்ட் (Colt) கம்பெனியுடையதில் பின்னே இழுக்க வேண்டும். அப்புறம், தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுக்கலாமா என்று கேட்டுவிட்டு, ஆளில்லாத பக்கம் குழலைத் திருப்பிப் பத்துத் தடவை இழுங்கள்.

சின்ன ரிவோல்வரின் ட்ரிகர் கடினமானது. பலவற்றில் ஐந்து கிலோ அரிசிப் பையை ஒற்றை விரலால் தூக்குவது போல இருக்கும். ஏழாவது எட்டாவது தடவையில் விரல் நடுங்கி, குழலின் நுனியும் ஆடுகிறதா? அப்படியானால் அது உங்களுக்கு வேண்டாம். எல்சிஆரின் இழுப்பு பொதுவாக மென்மையானது என்பதால் பலர் அதை விரும்புகிறார்கள். விரலில் பலம் குறைந்தவர்களுக்கு .22 என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் ரிவோல்வர் என்று சொல்வார்கள். உதை குறைவுதான், ஆனால் .22 ரிவோல்வர்களில் ட்ரிகர் பெரும்பாலும் இன்னும் கடினம். இழுத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

பிடியையும் கவனியுங்கள். சுண்டுவிரல் காற்றில் தொங்கினால் கொஞ்சம் நீளமான ரப்பர் பிடி மாட்டித் தரச் சொல்லலாம்.

படி 4: ஹேமர்

பையிலிருந்தோ உடைக்குள்ளிருந்தோ எடுப்பதானால் ஹேமர் (ட்ரிகரை இழுக்கும்போது பின்னாலிருந்து அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் பகுதி) உள்ளே மூடியிருப்பதை வாங்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் மாட்டும்.

படி 5: உறை இல்லாமல் வேண்டாம்

சேலைக்கும் சல்வாருக்கும் பொக்கெட் கிடையாது, அதனால் நம் பெண்கள் கைப்பையில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். சாவி, பேனா, லிப்ஸ்டிக் எதுவும் ட்ரிகருக்குள் நுழையலாம். பையைத் திறக்கும் குழந்தையின் விரலும் நுழையலாம். ட்ரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை கட்டாயம். பைதான் என்றால் ரிவோல்வருக்கென்றே தனி அறை உள்ள பையாக இருக்கட்டும், அந்த அறையில் வேறு ஒன்றும் வைக்காதீர்கள், பையைத் தோளிலிருந்து இறக்காதீர்கள். இதைவிட, ஜீன்ஸும் தடித்த பெல்ட்டும் போட்டு இடுப்பில் உறையோடு வைப்பது நல்லது. அண்ணி கடைசியில் அதற்குத்தான் மாறினார்.

படி 6: வாடகைக்கு எடுத்துச் சுட்டுவிட்டு வாங்குங்கள்

பல பயிற்சிக்கூடங்களில் வாடகைக்குத் தருவார்கள். காதுக் கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, இரண்டு மூன்று வகைகளை அடுத்தடுத்துச் சுட்டுப் பாருங்கள். ஐம்பது தோட்டாவுக்குப் பிறகும் இன்னும் சுடலாம் என்று எது தோன்றுகிறதோ அதை வாங்குங்கள். இரண்டாவது தடவை அண்ணி இப்படித்தான் தேர்ந்தெடுத்தார். அது எஃகு. இப்போது மாதம் ஒரு ஞாயிறு தவறாமல் போகிறார்.

படி 7: வீட்டில், பயணத்தில்

இடுப்பில் இல்லாத நேரம் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். தலையணைக்கு அடியிலோ அலுமாரித் துணிக்கு நடுவிலோ வைத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். நாங்களும் சின்ன வயதில் அப்பா ஒளித்து வைத்த எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர்கள்தானே.

பயிற்சிக்கு எடுத்துப் போகும் பையை ஊருக்கு வரும் பயணத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். மடிப்புக்குள் ஒரு தோட்டா கிடந்தாலும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கட்டுநாயக்காவில் அப்பா அம்மா மாலையோடு காத்திருக்க, உள்ளே நீங்கள் பொலிஸுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். அண்ணி அந்தப் பையில் சிவப்பு நாடா கட்டி, காரின் டிக்கியிலேயே தனியாக வைத்திருக்கிறார். தங்கச்சியிடமும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.