உப்புநீர்த் தொட்டியில் பிஹெச் இறங்கினால் முதலில் ஜன்னலைத் திறங்கள்

போன வெயில் காலத்தில் என் தொட்டியில் தினமும் காலை பிஹெச் (தண்ணீரின் அமில-கார அளவு, இது 8ஐ ஒட்டி இருந்தால் நல்லது) 7.7. பெரிய தொட்டி ஒன்றும் இல்லை, 200 லிட்டர், இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், நாலைந்து மென்பவளங்கள் (கல் பவளங்கள் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, அந்த வம்பே வேண்டாம் என்று நான் அந்தப் பக்கம் போவதில்லை). சென்னையில் மே மாதம் சும்மா விட்டால் தண்ணீர் 32 டிகிரிக்குப் போய்விடும். அதனால் தொட்டி இருக்கும் அறையிலேயே நாங்கள் மூன்று பேரும் படுத்துக்கொண்டு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி, ராத்திரி முழுக்க ஏசி ஓட்டினோம்.

மீன் கடையில் சொன்னேன், பிஹெச்சை ஏற்றும் பஃபர் பவுடர் ஒரு டப்பா கொடுத்தார்கள். போட்டதும் 8.1. ஆகா என்று தூங்கப் போனேன், காலையில் மறுபடி 7.7. மறுபடி போட்டேன். இப்படியே ஒரு வாரம் போனது. எட்டாவது நாள் ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன், அதன் அலகு டிகேஹெச், 7 முதல் 11க்குள் இருக்க வேண்டியது) பார்த்தால் 14 டிகேஹெச். தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் மோட்டாரின் விசிறியில் வெள்ளையாகக் காரை பிடித்து அது சுற்ற முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது, லெதர் பவளம் (மென்பவளத்தில் ஒரு வகை) கையை மூடிக்கொண்டு பத்து நாள் திறக்கவில்லை. பிஹெச் மட்டும் அதே 7.7.

தொட்டியில் பிஹெச் குறைவாக இருந்தால் பத்தில் எட்டு வீட்டில் கோளாறு தண்ணீரில் இருக்காது, அறைக் காற்றில் இருக்கும் என்பது என் அனுபவம். நாம் விடும் மூச்சு, கேஸ் அடுப்பு எல்லாம் கரியமில வாயுவைக் கூட்டுகிறது. வெளிக்காற்றில் அது இன்று சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு), மூன்று பேர் படுத்திருக்கும் அடைத்த அறையில் விடிகாலைக்குள் 1,500க்கு மேல் சாதாரணமாகப் போகும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காற்றிலிருக்கும் வாயு தொட்டித் தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, பிஹெச் இறங்குகிறது.

பவுடர் ஏன் உதவாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. காற்றில் கரியமில வாயு மாறாமல் இருந்தால், ஆல்கலினிட்டியை இரண்டு மடங்காக்கினால் பிஹெச் ஏறக்குறைய 0.3 ஏறும். அதாவது 8 டிகேஹெச்சில் 7.8 காட்டும் தொட்டியை 8.1க்குக் கொண்டுபோக 16 டிகேஹெச் வேண்டும். கடலில் இருப்பது சுமார் 7. 16க்குப் போவதற்குள் சுண்ணாம்பெல்லாம் மோட்டாரிலும் ஹீட்டரிலும் போய்க் காரையாகப் படிந்துவிடும். இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள், அறையில் கரியமில வாயுவைப் பாதியாக்கினால் அதே 0.3, எந்தப் பவுடரும் இல்லாமல்.

சரி, என்ன செய்வது? முதலில் மீட்டரைச் சந்தேகப்படுங்கள். பேனா மாதிரி இருக்கும் மலிவு மீட்டரே போதும், ஆனால் பிஹெச் 7, 10 என்று அளவு தெரிந்த இரண்டு கரைசலிலும் வைத்து மாதம் ஒரு முறையாவது காலிபரேட் செய்ய (அளவைச் சரிசெய்ய) வேண்டும். 10 கரைசல் திறந்து கிடந்தால் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துத் தானே இறங்கிவிடும், அதனால் பயன்படுத்தியதை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள். முனையைக் காயவிடக் கூடாது, ஆர்ஓ தண்ணீரிலும் ஊற வைக்கக் கூடாது, அதற்கென்று விற்கும் சேமிப்புக் கரைசலில் வையுங்கள். அப்புறம் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். பகலில் பாசியும் பவளமும் ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், ராத்திரி எல்லோரும் மூச்சு மட்டும் விடுவார்கள். அதனால் விளக்கு போடுவதற்கு முன் ஒரு அளவு, விளக்கு அணைப்பதற்கு முன் ஒரு அளவு என்று நாலு நாள் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் 0.2 முதல் 0.4 வரை வித்தியாசம் இருப்பது இயல்பு.

அடுத்து ஆல்கலினிட்டி. 7 முதல் 11 டிகேஹெச்சுக்குள் இருந்தால் அதைத் தொடாதீர்கள். 7க்குக் கீழே என்றால் அதைச் சரி செய்துவிட்டு மேலே போகலாம். சமையலறையில் இருக்கும் ஆப்ப சோடாவே போதும், 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் 1 டிகேஹெச் ஏறும், தனியாக ஒரு குவளையில் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள், ஒரு நாளைக்கு 1க்கு மேல் ஏற்ற வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு சாமான், அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆப்ப சோடா போட்டவுடன் பிஹெச் ஏறாது, கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும். உடனே ஏற வேண்டுமென்றால் அதே சோடாவை ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எடுங்கள், அது சோடியம் கார்பனேட் ஆகிவிடும், அப்போது 100 லிட்டருக்கு 1.9 கிராம் போதும்.

ஆல்கலினிட்டி சரியாக இருந்தும் பிஹெச் குறைவு என்றால் இரண்டு குவளைச் சோதனை. இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். விடிகாலையில் தொட்டித் தண்ணீரை இரண்டு குவளையில் எடுத்து பிஹெச் அளந்துகொள்ளுங்கள். ஒன்றை அறைக்குள்ளேயே வைத்து ஏர் மோட்டாரும் ஏர் ஸ்டோனும் போட்டு ஒரு மணி நேரம் குமிழி விடுங்கள். இன்னொன்றை மொட்டை மாடியிலோ பால்கனியிலோ வைத்து அதே மாதிரி. இரண்டிலும் பிஹெச் ஏறினால் அறைக் காற்று பரவாயில்லை, தொட்டியின் மேற்பரப்பு போதுமான அளவு கலங்கவில்லை என்று அர்த்தம். வெளியே வைத்தது மட்டும் ஏறினால் குற்றவாளி அறைதான். என் குவளை உள்ளே 7.72 ஆகவே நின்றது, பால்கனியில் 8.15 போனது. பவுடர் டப்பாவை அன்றைக்கே பரண்மேல் போட்டேன்.

மேற்பரப்புதான் பிரச்சினை என்றால் வைத்தியம் எளிது. வேவ்மேக்கரை (அலை கிளப்பும் மோட்டார்) மேலே பார்த்துத் திருப்புங்கள், தண்ணீர்த்தோல் குலுங்க வேண்டும். எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஒரு பேப்பரைப் போட்டு எடுங்கள். கண்ணாடி மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டு வலை போடுங்கள், வலை கட்டாயம், கோபி ராத்திரி எகிறிக் குதித்து தரையில் கருவாடாகிக் கிடக்கும்.

அறைக் காற்றுக்கு முதல் வைத்தியம் ஜன்னல். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை எனக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. வெயில் காலத்தில் அது நடக்காது, ஏசி பில் எகிறும். அதனால் நான் செய்தது, ஸ்கிம்மர் (காற்றைத் தண்ணீரில் கலந்து நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) காற்றை இழுக்கும் அந்தச் சின்னக் குழாயோடு 6 மில்லிமீட்டர் சிலிக்கான் டியூபை மாட்டி, ஏசி பைப் வெளியே போகும் ஓட்டை வழியாகவே பால்கனிக்கு விட்டேன். மொத்தம் நாலு மீட்டர். முனையைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு துண்டு கொசுவலை கட்டினேன், மழைத் தண்ணீரும் எறும்பும் போகாமல் இருக்க. டியூப் மிக நீளமானால் ஸ்கிம்மர் காற்று இழுப்பது குறையும், நுரை மெலியும், அப்போது கொஞ்சம் பெரிய டியூப் போடுங்கள். மூன்றாவது நாள் காலை 7.9.

வெளியே டியூப் விட வழியில்லாத வாடகை வீடு என்றால் சோடா லைம். மயக்க மருந்து கொடுக்கும் இயந்திரத்தில், நோயாளி விடும் மூச்சிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பதற்கு வைக்கிறார்களே, அதே குருணை. ஒரு பில்டர் டப்பாவில் நிரப்பி அதன் வழியாக ஸ்கிம்மருக்குக் காற்று போகும்படி செய்ய வேண்டும். தீர்ந்துபோனால் நிறம் மாறும், வெள்ளை ஊதாவாகும் வகைதான் நான் பார்த்தது. வேலை நன்றாகச் செய்யும், ஆனால் வாங்கி மாளாது. கையால் அள்ளாதீர்கள், தோலை அரிக்கும் காரம்.

கால்க்வாசர் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். பெயர்தான் ஜெர்மன், சரக்கு நம் சுண்ணாம்புத் தெளிவு. பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் பால் போல ஆகும் என்று செய்து காட்டுவார்கள் இல்லையா, அந்தக் கரியமில வாயுவைப் பிடிக்கும் குணத்தைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறதோ, அதைப் போடாதீர்கள், உணவுத் தரத்திலோ ஆய்வகத் தரத்திலோ வாங்குங்கள். 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீருக்கு 1.5 கிராம், மூடி போட்டுக் குலுக்கி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேலே இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். இதன் பிஹெச் 12.4 வரை இருக்கும், கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக, ராத்திரியில், நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் டியூப் இதற்கு அருமை. மொத்தமாக ஊற்றினால் தொட்டி பாலாகும், மீன் போகும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. 200 லிட்டர் தொட்டியில் முழுச் செறிவுத் தெளிவு 1 லிட்டர் போனால் ஆல்கலினிட்டி அரை டிகேஹெச்சுக்குச் சற்று மேல் ஏறும். கல் பவளம் நிறைந்த தொட்டி அதைத் தின்றுவிடும். என்னைப்போல மென்பவளம் மட்டும் வைத்திருந்தால் அது சேர்ந்துகொண்டே போய் பழையபடி 14இல் நிற்போம். அதனால் நான் அரை லிட்டரைத் தாண்டுவதில்லை, அதுவும் டெஸ்ட் கிட்டில் ஆல்கலினிட்டி குறைந்திருக்கும் வாரத்தில் மட்டும்.

சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத் தொட்டி) இருப்பவர்கள் சீட்டோ பாசியை ஒரு பிடி போட்டு, பெரிய விளக்கு அணையும் நேரத்தில் அதற்கு மட்டும் விளக்கு எரிய விடுங்கள். ராத்திரி சரிவு குறையும், நைட்ரேட்டும் குறையும்.

இவ்வளவும் செய்து காலையில் 7.9, மாலையில் 8.2 என்று நின்றால் அதோடு விட்டுவிடுங்கள். 8.3 என்ற எண்ணைத் துரத்திப் போனவர்கள் தொட்டியை அடிக்கடி உலுக்கிக் கெடுத்ததுதான் அதிகம். 7.8க்கு மீன் சாகாது, பவளம் கொஞ்சம் மெதுவாக வளரும். 7.7க்குக் கீழே பல நாள் நின்றால்தான் கவலை.

டியூபை வெளியே விட்டவர்களுக்கு ஒன்று. தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வரும்போது ஸ்கிம்மர் அதையும் சேர்த்து இழுக்கும், அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருக்கும் பைரத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். உள்பக்கம் கைக்கெட்டும் இடத்தில் டியூபில் ஒரு இணைப்பு வையுங்கள், புகை வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பிடுங்கி விட்டால் ஸ்கிம்மர் அறைக் காற்றை இழுத்துக்கொள்ளும், வாடை முழுக்கப் போன பிறகு மாட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இந்த வேலை மகளுடையது, சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்கிறது.