பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்

கும்பகோணத்தில் பதினாறு வருஷமாக ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறேன். "முடி கொட்டுது, எது நல்லதுக்கா?" என்று யாராவது கேட்காத நாளில்லை. போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் 'முடி உதிர்வு 98% குறையும்' என்று போட்ட ஷாம்புவை எடுத்து வந்தாள். அந்த 98-க்குப் பக்கத்தில் கடுகு மாதிரி ஒரு நட்சத்திரம். பின்பக்கத்தை போன் கேமராவில் பெரிதாக்கிக் காட்டினேன். 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு. கண்டிஷனர் இல்லாத ஷாம்புவுடன் ஒப்பிட்டது' என்றிருந்தது.

வழவழப்பான முடி சீப்பில் சிக்கி அறுவது குறையும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வேரோடு வருகிற முடிக்கும் அந்த 98-க்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு எது என்று பார்க்க, சீப்பில் வந்த முடியை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு முனையில் சின்னதாக வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரிலிருந்து வந்தது. அப்படி ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான்.

அடுத்து, சேர்மானப் பட்டியல். அதிகம் சேர்த்தது முதலில் வரும். 1 சதவீதத்துக்கும் குறைவானவற்றை எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். நான் தேடுவது 'பினாக்சிஎத்தனால்' என்ற பெயரை. கெட்டுப்போகாமல் இருக்கப் போடுவது. 1 சதவீதத்துக்கு மேல் சேர்க்க அனுமதியில்லை. ஆக, அதற்குப் பின்னால் வருகிற எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. முன்பக்கம் பெரிய வெங்காயப் படம் போட்ட ஒரு ஷாம்புவில் வெங்காயச் சாறு அதற்கும் பின்னால்தான் இருந்தது. 200 மில்லி பாட்டிலில் இரண்டு மில்லிகூட இருக்காது. நம் வீட்டு சாம்பாரில் இதைவிட அதிகம். ஆனால் சுருக்கத்துக்கான கிரீம்களில் போடும் ரெட்டினால் மாதிரி சில பொருள்கள் துளியூண்டு இருந்தாலே வேலை செய்யும், அதனால் பட்டியலின் கடைசியில் இருப்பதெல்லாம் வீண் என்றும் சொல்லமாட்டேன்.

கொலாஜன் என்பது தோலை உறுதியாக வைக்கும் புரதம். சுருக்கம் போக கொலாஜன் கிரீம் கேட்பவர்களிடம் ஒரு கணக்குச் சொல்வேன். தோலைத் தாண்டி உள்ளே போக, மூலக்கூறு எடை சுமார் 500 டால்டனுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். கொலாஜனுக்கு ஏறக்குறைய 3 லட்சம். மேலே படிந்து ஈரத்தைக் காக்கும், சரி. சுருக்கத்தை உள்ளே போய் நிரப்பாது.

'10-ல் 9 பெண்கள் ஒப்புக்கொண்டனர்' என்று விளம்பரத்தில் போடுவது அபிப்பிராயம், அளவெடுத்த கணக்கல்ல. எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று அடியில் பாருங்கள். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் என்பது வெயில் பாதுகாப்பு அளவு. எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதம், தோலைச் சுடும் புறஊதா பி கதிரைத் தடுக்கும், 50 போட்டால் 98. விலை வித்தியாசம் கொடுக்கும் முன் இதை நினையுங்கள். அப்பட்டமான பொய் என்று தோன்றினால் 1915-க்கு போன் செய்யலாம், நுகர்வோர் உதவி எண்.

அந்தப் பெண் மறுநாள் நாலு முடியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். நாலிலும் வெள்ளை முனை. நிறைய கொட்டுகிறது என்றாள். ஷாம்புவை அலமாரியில் வைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்து ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொன்னேன். போகும்போது முப்பது ரூபாய்க்கு ஒரு அகலப்பல் சீப்பு வாங்கிக்கொண்டாள்.